போர்ன்விட்டா டப்பாவில் ஒளிந்திருக்கும் ஊர்

கேள்வி இது: "மகள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போகிறாள். பக்கத்தில் போர்ன்வில் என்று ஓர் இடத்தில் அறை கிடைக்கும் போலிருக்கிறது. போர்ன்விட்டாவுக்கு அந்த ஊரில் இருந்துதான் பெயர் வந்தது என்கிறார்கள், உண்மையா? சாக்லேட் கம்பெனி தன் தொழிலாளர்களுக்குக் கட்டிய குவார்ட்டர்ஸ் என்றும், ஊருக்குள் ஒரு மதுக்கடைகூடக் கிடையாது என்றும் சொல்கிறார்கள். ஊர் எப்படி, என்னென்ன வசதி இருக்கிறது?"

பெயர் விஷயம் உண்மை. மதுக்கடை விஷயம் முக்கால் உண்மை. குவார்ட்டர்ஸ் என்பது மட்டும் தவறு. அந்த ஊருக்கு ரயில் பாதையின் மறுபக்கம் ஸ்டர்ச்லியில் எட்டு வருஷம் குடியிருந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் பெயர். ஜான் கேட்பரி என்பவர் 1824-இல் பர்மிங்காம் நகரின் புல் தெருவில் தேயிலையும் காப்பியும் விற்கும் கடை ஒன்றைத் திறந்தார். அதே கடையில், அம்மியில் அரைப்பதுபோல் கையால் அரைத்த கோகோவையும் விற்றார். பிறகு அதைத் தயாரிக்கும் தொழிலிலும் இறங்கினார். தொழில் நொடித்துக் கிடந்த நேரத்தில், 1861-இல், மகன்கள் ரிச்சர்டும் ஜார்ஜும் பொறுப்பேற்றார்கள். ரிச்சர்டுக்கு இருபத்தைந்து வயது, ஜார்ஜுக்கு இருபத்தொன்று. அந்தக் காலத்தில் கோகோவில் மாவும் ஸ்டார்ச்சும் கலப்பது சாதாரணம். ஹாலந்தில் இருந்து, கோகோவின் கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் இயந்திரத்தை வாங்கி, 1866-இல் கலப்படமில்லாத கோகோத் தூளைக் கொண்டுவந்தார்கள். அதுதான் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது.

நகர நடுவில் இருந்த தொழிற்சாலை பத்தவில்லை. 1878-இல் நகருக்குத் தெற்கே நான்கு மைல் தள்ளிப் பதினாலரை ஏக்கர் வாங்கினார்கள். சுற்றிலும் வயல், புல்வெளி, நடுவில் போர்ன் என்ற சின்ன ஓடை. பார்த்தால் காட்டில் போய்த் தொழிற்சாலை கட்டியதுபோல் இருக்கும். ஆனால் கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறார்கள். வொர்ஸ்டர் பர்மிங்காம் கால்வாய் பக்கத்திலேயே ஓடியது. 1876-இல் ரயில் பாதையும் வந்து, ஸ்டர்ச்லி ஸ்ட்ரீட் என்று ஒரு நிலையமும் திறந்திருந்தது. பாலும் நிலக்கரியும் கோகோவும் வந்து இறங்க வழி தயார். 1879 செப்டம்பரில் தொழிற்சாலை ஓட ஆரம்பித்தது. அப்போது உயர்ந்த சாக்லேட் என்றால் பிரெஞ்சுச் சாக்லேட் என்று பெயர். அதனால் ஓடையின் பெயரோடு, ஊர் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லான 'வில்' என்பதை ஒட்டிப் போர்ன்வில் என்று வைத்தார்கள். நம் ஊரில் கடைக்குப் 'பாரிஸ்' என்று பெயர் வைப்பதைப் போலத்தான்.

போர்ன்விட்டா வந்தது 1932-இல். போர்ன்வில்லின் முன்பாதியோடு, உயிர் என்று பொருள்படும் லத்தீன் 'விட்டா' சேர்ந்தது. 1948-இல் கேட்பரி இந்தியாவுக்குள் கால் வைத்தபோது அந்த டப்பாவும் வந்துவிட்டது. ஆக, நம்மில் பாதிப்பேர் பரீட்சைக்கு முந்தின இரவு ஒரு பர்மிங்காம் ஓடையின் பெயரைத்தான் பாலில் கலக்கிக் குடித்திருக்கிறோம்.

சரி, இப்போது குவார்ட்டர்ஸ் விஷயம். இந்த ஊரைப் பற்றிப் பேசும் பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான்.

தொழிற்சாலை கட்டும்போதே மேஸ்திரிகளுக்கும் முக்கிய ஆட்களுக்குமாகச் சில வீடுகள் கட்டினார்கள். அது குவார்ட்டர்ஸ்தான், சந்தேகமில்லை. ஆனால் நாம் இன்று பார்க்கும் ஊர் அதற்குப் பதினைந்து வருஷம் கழித்து, வேறொரு எண்ணத்தில் பிறந்தது. ஜார்ஜ் கேட்பரி குவேக்கர். பாதிரி இல்லை, சடங்கு இல்லை, அமைதியாக உட்கார்ந்து வழிபடுகிற கிறிஸ்தவப் பிரிவு அது. இளம் வயதிலேயே ஞாயிறு காலைகளில் நகரத்தில் இருந்த, வயது வந்தவர்களுக்கான ஒரு பள்ளிக்குப் போய், தொழிலாளர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தர ஆரம்பித்தார். ஏறக்குறைய ஐம்பது வருஷம் விடாமல் அதைச் செய்தார். மாணவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள், பின்பக்கம் ஜன்னலே கிடையாது, ஒரு முற்றத்துக்குப் பத்துப் பதினைந்து குடும்பம், எல்லோருக்கும் சேர்த்து ஒரு குழாய், ஒன்றிரண்டு கழிப்பறை. நம் பழைய ஒண்டுக்குடித்தனத்தை இன்னும் நெருக்கி, புகையும் குளிரும் சேர்த்தால் எப்படியோ அப்படி. குடிக்காதே, ஒழுங்காக இரு என்று இந்த வீட்டில் இருப்பவனிடம் போதித்து என்ன பயன் என்ற கேள்வி அவருக்கு வந்தது. ஆளைத் திருத்துவதற்கு முன் வீட்டைத் திருத்த வேண்டும் என்று முடிவு செய்தார்.

1893-இல் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் 120 ஏக்கர் நிலத்தைத் தன் சொந்தப் பணத்தில் வாங்கினார். கம்பெனிப் பணம் இல்லை, கவனியுங்கள். 1895-இல் வீடு கட்டும் வேலை தொடங்கியது. கட்டடக்கலைஞராக அமர்த்தியது வில்லியம் அலெக்சாண்டர் ஹார்வி என்ற, இருபது வயதைத் தாண்டியிருந்த ஒரு பையனை. 1900-இல் 330 ஏக்கரில் 313 வீடுகள் நின்றன. அந்த வருஷம் டிசம்பர் 14-ஆம் தேதி ஜார்ஜ் கேட்பரி ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, நிலம் வீடு எல்லாவற்றையும் போர்ன்வில் கிராம அறக்கட்டளையிடம் ஒப்படைத்துவிட்டார். இனி அது கம்பெனிக்கும் சொந்தமில்லை, குடும்பத்துக்கும் சொந்தமில்லை. வரும் வாடகை ஊரைப் பராமரிக்கவும் மேலும் வீடு கட்டவும்தான் போக வேண்டும். குடும்பத்தினர் அறங்காவலர்களாக உட்கார்ந்தார்கள், அது வேறு விஷயம்.

வீடு வேண்டுமென்றால் கேட்பரியில் வேலை பார்க்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. 1901 வாக்கில் குடியிருந்தவர்களில் சுமார் நாற்பது சதவீதம் பேர்தான் அந்தத் தொழிற்சாலைக்காரர்கள். அதே அளவு ஆட்கள் பர்மிங்காம் நகருக்குள் வேலைக்குப் போய் வந்தார்கள். இது தற்செயல் இல்லை. வேலை போனால் வீடும் போகும் என்ற நிலை ஒரு குடும்பத்துக்கு வரக்கூடாது என்று நினைத்திருக்கிறார். எஸ்டேட் லயன் வீடுகளைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை உடனே புரியும்.

ஆரம்பத்தில் ஒரு சறுக்கலும் நடந்தது. முதலில் 143 வீடுகளை 999 வருஷக் குத்தகைக்கு, குறைந்த வட்டிக் கடனும் கொடுத்து, ஏறக்குறைய அடக்க விலைக்கே விற்றார்கள். வாங்கியவர்களில் சிலர் அதை நல்ல லாபத்துக்குக் கைமாற்றிவிட்டார்கள். மனிதன் எங்கும் மனிதன்தான். அதற்கப்புறம்தான் விற்பதை விட்டுவிட்டு வாடகைக்கு விடும் முறைக்கும், அறக்கட்டளை யோசனைக்கும் வந்தார்.

அந்த வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மனையில் கால் பங்குக்கு மேல் வீடு கட்டக்கூடாது, மீதி தோட்டம். குடிவருவதற்கு முன்பே தோட்டத்தை உழுது, பாதை போட்டு, கோடியில் பழமரங்கள் நட்டு வைத்திருப்பார்கள். ஆப்பிள், பேரி, பிளம் எல்லாம். பழத்துக்குப் பழம், பின்வீட்டுக்காரர் பார்வையும் மறையும். முன்பக்கம் உயிர்வேலி. வீடுகள் இரண்டிரண்டாக ஒட்டியிருக்கும், ஆனால் அடுத்தடுத்த ஜோடி ஒன்றுபோல் இருக்காது. ஒன்றுக்கு முகப்பு முக்கோணக் கூரை, அடுத்ததற்குப் பிதுங்கிய ஜன்னல் என்று ஹார்வி மாற்றி மாற்றிப் போட்டிருப்பார். தெரு வளைந்து போகும். குளியலறை என்பதே தொழிலாளர் வீட்டில் கேள்விப்படாத காலம். இடம் மிச்சம் பிடிக்க, சமையலறைத் தரையில் பள்ளம் தோண்டிக் குளியல் தொட்டியைப் பதித்து மேலே பலகை போட்டு மூடிவிட்டார். அலமாரி மாதிரி மடக்கி வைக்கிற தொட்டியும் சில வீடுகளில் இருந்ததாம்.

வீட்டோடு அறிவுரையும் இலவசம். குடிவருபவர்களுக்கு ஆரோக்கிய விதிகள் என்று ஒரு சிறு வெளியீடு கொடுத்திருக்கிறார்கள். வாயை மூடிக்கொண்டு மூக்கால் சுவாசி, இரவில் முக்கியமாக. கணவன் மனைவிக்கும் தனித்தனி ஒற்றைக் கட்டில்தான் நல்லது, நாகரிக நாடுகளில் இரட்டைக் கட்டில் இப்போது குறைந்துவிட்டது. இப்படிப் போகும் அது. நல்ல மனசுதான், ஆனால் படுக்கையறைக்குள் வரைக்கும் வந்துவிட்ட நல்ல மனசு. போர்ன்வில்லை விரும்புகிறவர்களும் வெறுக்கிறவர்களும் சுட்டுவது கடைசியில் இந்த ஒரே குணத்தைத்தான்.

தொழிற்சாலைக்குள்ளும் அதே கதை. நீச்சல் குளம், விளையாட்டு மைதானம், சனிக்கிழமை அரைநாள் விடுமுறை, 1906-இல் ஆண்களுக்கு ஓய்வூதிய நிதி என்று அன்றைக்கு மற்ற முதலாளிகள் கனவிலும் நினைக்காததைச் செய்தார்கள். கூடவே ஆண்கள் பெண்கள் மைதானம் தனித்தனி, நுழையும் வழி தனித்தனி. பெண்ணுக்குக் கல்யாணம் ஆனால் வேலையை விட்டு நிற்க வேண்டும். கையில் ஒரு பைபிளும் ஒரு பூவும் கொடுத்து அனுப்புவார்கள்.

இன்னொரு கறையையும் மறைக்க வேண்டாம். இந்தத் தோட்டம் துரவெல்லாம் கோகோ லாபத்தில் வந்தது. அந்தக் கோகோவில் பெரும்பங்கு போர்ச்சுகலின் வசமிருந்த சாவோ தோமே தீவில் இருந்து வந்துகொண்டிருந்தது. அங்கே கூலி ஒப்பந்தம் என்ற பெயரில் நடப்பது அடிமை முறைதான் என்ற தகவல் 1901-லேயே கேட்பரிகளுக்கு வந்துவிட்டது. விசாரித்தார்கள், ஆள் அனுப்பினார்கள், அரசாங்கத்தோடு பேசினார்கள். வாங்குவதை நிறுத்தியது 1909-இல். ஒரு பத்திரிகை இதைச் சொல்லிக் கிழித்தது. கேட்பரி அவதூறு வழக்குப் போட்டது. தீர்ப்பு கேட்பரிக்குச் சாதகம். ஆனால் ஜூரி கொடுத்த நஷ்டஈடு ஒரே ஒரு ஃபார்த்திங், அதாவது கால் பென்னி. ஜெயித்தீர்கள், ஆனால் உங்கள் மானத்தின் விலை காலணா என்று சொன்னதுபோல. எட்டு வருஷம் விசாரித்துக்கொண்டே வாங்கினார்கள் என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜார்ஜ் கேட்பரியைக் கும்பிடுகிற கட்டுரைகள் இந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகின்றன.

இனி, ஊரில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஊரின் நடு, முக்கோணமான ஒரு புல்தரை. அங்கே எண்கோண வடிவில், மண்டபம் மாதிரி ஒரு சின்னக் கட்டடம். ஓய்வு இல்லம் என்பார்கள். ஜார்ஜ், எலிசபெத் தம்பதியின் வெள்ளிவிழாவுக்காக உலகம் முழுக்க இருந்த கேட்பரி ஊழியர்கள் காசு போட்டு 1914-இல் கட்டியது. சாமர்செட்டில் டன்ஸ்டர் என்ற ஊரில் உள்ள பழைய நூல் சந்தை மண்டபத்தைப் பார்த்துச் செய்த வடிவம். புல்தரையைச் சுற்றி மரச்சட்டம் தெரிகிற முகப்போடு ஒரு வரிசைக் கடைகள், குவேக்கர் வழிபாட்டுக்கூடம், ஆங்கிலிக்கன் தேவாலயம், கலைப்பள்ளியாக இருந்த ரஸ்கின் ஹால், ஆரம்பப் பள்ளி.

பள்ளிக்கூடத்தின் உச்சியில்தான் ஊரின் செல்வம் இருக்கிறது. ஜார்ஜ் கேட்பரி 1902-இல் பெல்ஜியத்தின் புரூஜ் நகரத்துக்குப் போனபோது, கோபுரத்து மணிகளில் பாட்டு வாசிப்பதைக் கேட்டு மயங்கிவிட்டார். திரும்பி வந்து, 1906-இல் பள்ளிக் கோபுரத்தில் 22 மணிகளை ஏற்றினார். பிறகு கூடிக்கூடி இன்று 48 மணிகள். ஆள் மேலே ஏறி, மரக்கட்டைகளைக் கைமுட்டியால் குத்தி வாசிக்க வேண்டும். சனிக்கிழமைகளில் பகல் 12 மணிக்கும் 3 மணிக்கும் வாசிப்பார்கள். சர்ச் பாட்டு மட்டுமில்லை, சினிமாப் பாட்டும் வரும். முதல் தடவை கேட்டபோது எனக்குக் கொஞ்சம் தாளம் தப்புகிற மாதிரிதான் இருந்தது. காற்று அடிக்கும் திசையைப் பொறுத்து ஒலி வந்து வந்து போகும். நாலைந்து வாரம் கழித்து அது இல்லாத சனிக்கிழமை வெறிச்சென்று இருக்க ஆரம்பித்தது.

புல்தரைக்குப் பக்கத்திலேயே ஒரு வேடிக்கை. செல்லி மேனர் என்று ஒரு மரச்சட்ட வீடு. அதைப் பற்றிய எழுத்துச் சான்று 1476-இல் இருந்து கிடைக்கிறது. ஆனால் அது அந்த இடத்து வீடே இல்லை! ஏறக்குறைய ஒரு மைல் தள்ளி இடிந்துகொண்டிருந்ததை 1907-இல் ஜார்ஜ் கேட்பரி வாங்கி, பிரித்து, உத்திரம் உத்திரமாகக் கொண்டுவந்து, ஹார்வியை வைத்து இங்கே மறுபடி பூட்டினார். 1917-இல் இருந்து அருங்காட்சியகம். செட்டிநாட்டு வீட்டுத் தூண்களைப் பிரித்து வேறு ஊரில் நட்டுவைப்பதை நாம் பார்த்திருக்கிறோம். இவர் வீட்டையே நட்டார். பக்கத்தில் மின்வொர்த் கிரீவ்ஸ் என்று அதைவிடப் பழைய இன்னொரு வீடு. அதுவும் அப்படி வந்ததுதான். புதிதாகப் பிறந்த ஊருக்கு ஒரு பழங்காலம் வேண்டியிருந்தது, வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று நான் கேலி செய்வதுண்டு. ஆனால் அப்படி வாங்கியிருக்காவிட்டால் இரண்டுமே விறகாகப் போயிருக்கும்.

திறந்தவெளிக்குக் குறையே இல்லை. சாலையும் வீட்டுத் தோட்டமும் போக, நிலத்தில் பத்தில் ஒரு பங்கு பூங்காவாக இருக்க வேண்டும் என்பது ஆரம்பத்து ஏற்பாடு. அந்தப் போர்ன் ஓடை இன்றும் போர்ன்வில் பூங்கா வழியே ஓடுகிறது. முழங்கால் ஆழம் இருந்தால் அதிகம். கொஞ்சம் மேற்கே போனால் பொம்மைப் படகு விடும் குளம் ஒன்று உண்டு. 1930-களின் பொருளாதார மந்த காலத்தில் வேலையில்லாத ஆட்களை வைத்து வெட்டியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அறுபது எழுபது வயதுக்காரர்கள் குழந்தை முகத்தோடு அங்கே படகு விட்டுக்கொண்டிருப்பார்கள். ரோஹீத் மைதானத்தில் 1924-இல் திறந்த பெவிலியன் இருக்கிறது. இப்போது ஒரு கிறிஸ்தவ சமூகக் குழு நடத்துகிறது, உள்ளே சிற்றுண்டிச்சாலை உண்டு. தொழிற்சாலை எதிரே இருக்கும் கிரிக்கெட் மைதானமும் அதன் 1902-ஆம் வருஷத்துப் பெவிலியனும் அஞ்சலட்டைப் படம் போல இருக்கும்.

மேரி வேல் சாலையில் முதியோருக்கான தர்ம வீடுகள் இருக்கின்றன. நடுவில் புல்வெளி, சுற்றிலும் மாடி இல்லாத தரைத்தள வீடுகள். அவை அண்ணன் ரிச்சர்டின் ஏற்பாடு. வாடகைக்கு விட அக்கம்பக்கத்தில் வீடுகளையும் கட்டி, அந்த வாடகையில் முதியோர் வீடுகள் ஓடும்படி செய்துவிட்டுப் போனார். 1899-இல் ஜெருசலேம் போன இடத்தில் நோய் கண்டு இறந்தார். தம்பி புகழில் அண்ணன் மறைந்துபோனது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

யாரும் எதிர்பார்க்காத ஒன்று, செர்பிய ஆர்த்தடாக்ஸ் தேவாலயம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் யூகோஸ்லாவியாவிலிருந்து அகதிகளாக வந்தவர்களுக்காக 1968-இல் எழும்பியது. குவேக்கர் ஊரின் ஓரத்தில் பைசாந்தியப் பாணிக் கும்மட்டம். உள்ளே சுவர் முழுக்க ஓவியம்.

நமக்கு நெருக்கமான இடம் ஒன்றும் இருக்கிறது. பிரிஸ்டல் சாலையில் உட்புரூக் என்ற மாளிகை, ஜார்ஜ் கேட்பரி குடியிருந்த வீடு. 1903-இல் அதைக் குவேக்கர் கல்வி மையமாகக் கொடுத்துவிட்டார். இரண்டாம் வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் வந்த காந்தி, 1931 அக்டோபரில் வார இறுதியில் இங்கே வந்து தங்கினார். அவருடைய நண்பர் ஹொரேஸ் அலெக்சாண்டர் இங்கேதான் ஆசிரியர். முந்தின வருஷம் தாகூரும் இங்கே தங்கியிருக்கிறார். கல்வி மையம் 2023-இல் அந்தக் கட்டடத்தைக் காலி செய்துவிட்டது, வெளியிலிருந்து பார்க்கலாம்.

மதுக்கடைக்கு வருவோம். 1900 பத்திரத்திலேயே இந்த விஷயம் இருக்கிறது. மது விற்பனை கூடாது. அறங்காவலர்கள் அத்தனை பேரும் ஒருமனதாக ஒப்புக்கொண்டால் மட்டும் விடலாம். அப்படி விட்டாலும் அந்த லாபம் ஊராரின் பொழுதுபோக்கு வசதிகளுக்கும் மதுவுக்கு மாற்றான விஷயங்களுக்கும் போக வேண்டும். டாஸ்மாக் வருமானத்தில் ஓடும் மாநிலத்தவனுக்கு இந்தக் கடைசி வரியைப் படிக்கும்போது சிரிப்பும் வரும், பெருமூச்சும் வரும். பின்னாளில் ரோஹீத் பெவிலியனில் உறுப்பினர்களுக்கு மட்டும் ஒரு பார் வந்தது. 2007-இல் ஒரு சூப்பர்மார்க்கெட் உரிமம் கேட்டபோது குடியிருப்பாளர்கள் கோர்ட் வரை போய்த் தடுத்தார்கள். 2015-இல் மேரி வேல் சாலையில் ஒரு சின்னப் பத்திரிகைக் கடைக்கு உரிமம் கிடைத்துவிட்டது. அதைத்தான் முக்கால் உண்மை என்றேன். பப் மட்டும் இன்றுவரை ஊருக்குள் இல்லை. ரயில் பாதையைத் தாண்டினால் ஸ்டர்ச்லி. அங்கே பியர் காய்ச்சிக் குடுவையில் ஊற்றிக் கொடுக்கும் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. போர்ன்வில் காரர்கள் அங்கே நடந்து வருவதை எட்டு வருஷம் பார்த்திருக்கிறேன்.

விதிகள் இத்தோடு முடியவில்லை. சொந்த வீடாகவே இருந்தாலும் வெளிப்பக்கம் ஜன்னலை மாற்ற, முன்கட்டை நீட்ட, பெரிய மரத்தை வெட்ட, உயிர்வேலியை எடுத்துவிட்டுக் கார் நிறுத்த இடம் பண்ண, எல்லாவற்றுக்கும் அறக்கட்டளையின் அனுமதி வேண்டும். நகராட்சி அனுமதி தனி. இதனால் எரிச்சல்படும் வீட்டுக்காரர்கள் உண்டு, நியாயமும் உண்டு. பழைய மாதிரி மர ஜன்னல் போடச் செலவு அதிகம். ஆனால் ஊருக்குள் ஒரு தெரு நடந்துவிட்டு, அறக்கட்டளை எல்லைக்கு வெளியே ஒரு தெரு நடந்து பாருங்கள். வெளியே முன்தோட்டமெல்லாம் சிமெண்ட் பூசிக் கார் நிற்கும். உள்ளே நூறு வருஷத்து வேலியில் குருவி கத்தும். வாடகைக்கு வருகிற மாணவிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை, பலன் மட்டும்தான்.

1911-இலேயே போர்ன்வில் பர்மிங்காம் மாநகரத்துக்குள் வந்துவிட்டது. கிராமம் என்று சொல்வது பழக்கத்தால்தான். இன்று அறக்கட்டளையின் கையில் ஏறக்குறைய 1,000 ஏக்கரும் சுமார் 7,800 வீடுகளும் இருக்கின்றன. வாடகை வீடும் உண்டு, சொந்த வீடும் உண்டு, இரண்டும் ஒரே தெருவில் கலந்தே இருக்கும். ஊர்களையே தோட்டமும் திறந்தவெளியுமாகத் திட்டமிட்டுக் கட்ட வேண்டும் என்ற தோட்ட நகர இயக்கத்தார் 1901-இல் முதல் மாநாட்டைக் கூட்டியதே இங்கேதான். இரண்டு வருஷத்தில் லெட்ச்வொர்த் தோட்ட நகரம் தொடங்கியது.

கம்பெனி என்ன ஆயிற்று? 2010-இல் அமெரிக்காவின் கிராஃப்ட் கேட்பரியை விலைக்கு வாங்கியது. இப்போது அது மாண்டலீஸ். அந்த வருஷம் இங்கிலாந்தே ஒப்பாரி வைத்தது. நல்லவேளை, ஊர் அந்த விற்பனைக் கணக்கில் இல்லை. நூற்றிப்பத்து வருஷத்துக்கு முந்தைய பத்திரம் அதைத் தனியாகப் பிரித்து வைத்திருந்தது. தொழிற்சாலை இன்னும் ஓடுகிறது. பக்கத்தில் 1990-இல் திறந்த கேட்பரி வேர்ல்டு என்ற காட்சிக்கூடம் இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் இருந்தால் போகலாம். பெரியவர்களுக்கு அது விளம்பரத்துக்குள் டிக்கெட் வாங்கி நுழைகிற மாதிரிதான். அந்தக் காசுக்குச் செல்லி மேனரைப் பார்த்துவிட்டு மிச்சத்துக்குச் சாக்லேட் வாங்கலாம்.

கடைசியாக உங்கள் மகளுக்குத் தேவையான விஷயங்கள். போர்ன்வில் ரயில் நிலையம் கேட்பரியின் ஊதா நிறத்தில் இருக்கும், தவறவிட முடியாது. அங்கிருந்து செல்லி ஓக், அடுத்தது யூனிவர்சிட்டி. இரண்டாவது நிறுத்தத்தில் வளாகம். குவீன் எலிசபெத் மருத்துவமனையும் அந்த நிறுத்தம்தான். மழை இல்லாத நாளில் கால்வாய்க் கரையிலேயே நடந்தோ சைக்கிளிலோ போய்விடலாம். இருட்டிய பிறகு அந்த வழி வேண்டாம், ரயிலிலேயே வரச் சொல்லுங்கள். மாணவர் வீடுகள் பெரும்பாலும் செல்லி ஓக்கில்தான் குவிந்திருக்கின்றன. அங்கே சத்தமும் உண்டு, சிநேகிதமும் உண்டு. போர்ன்வில்லில் அமைதி உண்டு, பொழுது சாய்ந்தால் ஆள் நடமாட்டம் குறைவு. முதல் வருஷம் செல்லி ஓக், ஆராய்ச்சி, பரீட்சை என்று வரும்போது போர்ன்வில் என்பது என் யோசனை. அரிசி, பருப்பு, கறிவேப்பிலைக்குச் செல்லி ஓக் கடைகளிலேயே வழி உண்டு. கோயிலுக்குப் போக நினைத்தால் டிவிடேலில் பெரிய பாலாஜி கோயில் இருக்கிறது, ஆனால் அது நகரத்துக்கு மறுபக்கம். ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டும்.

அறை பார்க்க வருவதாக இருந்தால் சனிக்கிழமை பதினொன்றரைக்குப் போர்ன்வில் நிலையத்தில் இறங்கச் சொல்லுங்கள். வெளியே வந்ததும் பெரும்பாலான நாட்களில் காற்றில் கோகோ வாசனை வரும். தொழிற்சாலைச் சுவரை ஒட்டி நடந்தால் பத்து நிமிஷத்தில் புல்தரை. ஓய்வு இல்லத்துக்குப் பக்கத்தில் பெஞ்சு இருக்கிறது. பன்னிரண்டுக்கு மணிகள் ஆரம்பிக்கும்.